ஆழம் என்று சொல்லத் தெரியாதவள்

பதினோராம் வகுப்பில் எங்கள் தமிழ் மிஸ் கரும்பலகையில் எழுதிப் போட்டார்: ஆறு – விதி. ஓடம் – வாழ்க்கை. கரை – மரபு. நாங்கள் அதை அப்படியே நோட்டில் இறக்கிக்கொண்டோம். ஒரு பழைய நாவலுக்கான குறிப்புகள் அவை. திருச்சியில் ஓர் இலக்கிய அமைப்பு பள்ளிகளுக்குப் போட்டி வைத்திருந்தது. பழைய நாவல் ஒன்றில் வரும் குறியீடுகளைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்புவார்கள், அதை மேடையில் ஏறி வாசிக்கவும் வேண்டும்.

அப்போது என் அண்ணன் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில்தான். ஆனால் ஸ்ரீரங்கம் என்றதும் வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிற இடத்தில் இல்லை. வடக்கே, கொள்ளிடக் கரையை ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. அப்பா திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டர். விடிவதற்கு முன்பே பஸ் பிடித்துப் போய்விடுவார். அம்மா வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்றார்கள். அண்ணன் பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தான்.

கொள்ளிடம் வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் வெறும் மணல். அண்ணனும் அவன் கூட்டாளிகளும் அந்த மணலில்தான் கிரிக்கெட் ஆடி வளர்ந்தார்கள். ஸ்டம்பு நட வேண்டிய அவசியமே இல்லை, பனை மட்டையைக் குத்தினால் நிற்கும். பிறகு லாரிகள் வர ஆரம்பித்தன. மணலை அள்ள அள்ள ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பக்கம் ஒதுங்கியது. அந்த வருஷம் ஆடியில் நிறையத் தண்ணீர் வந்தது. வடிய ஆரம்பித்து முழங்கால் அளவு ஓடிக்கொண்டிருந்தபோது அண்ணன் இரண்டு கூட்டாளிகளோடு குளிக்கப் போனான். முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே இருந்தவன் ஒரு எட்டு எடுத்து வைத்ததும் காணாமல் போனான். மறுநாள் மத்தியானம் தீயணைப்புக்காரர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ஆறு காவு வாங்கிவிட்டது என்றார் பெரியப்பா. தண்ணியில் கண்டம் என்று ஜாதகத்திலேயே இருந்திருக்கும், நீங்கள் பார்க்காமல் விட்டுவிட்டீர்கள் என்றார் ஒரு சித்தி. விதி என்ற வார்த்தையை அந்தப் பதினாறு நாளும் கேட்டேன். அம்மா யாருக்கும் பதில் சொல்லவில்லை. கூடப் போன பையன்கள் வந்தபோது மட்டும் வாயைத் திறந்தார்கள்.

"எந்தப் பக்கம்ப்பா இறங்குனான்?"

வழக்கமாக இறங்குகிற இடம்தான் என்றார்கள் பையன்கள்.

"அங்க பள்ளம் கிடையாதேப்பா. நான் துணி தொவைச்ச எடமாச்சே."

பள்ளம் எப்படி வந்தது என்று அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். லாரிக்காரர்களில் ஒருவர் எங்கள் தெருமுனையில்தான் குடியிருந்தார். அவரும் மாலையோடு வந்திருந்தார். பந்தலுக்குத் தண்ணீர் கேன் ஏற்பாடு செய்ததும் அவர்தான். அதற்குப் பிறகும் அம்மா வருகிற ஆளிடமெல்லாம் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தவர்கள் ஒவ்வொருவராக வருவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு நான் அந்த நாவலைப் படிக்கவில்லை. நூலகத்தில் இருந்த ஒரே பிரதியை மிஸ் என்னிடம் கொடுத்தார். வகுப்பில் கடைசிப் பக்கம்வரை படிக்கக்கூடியவள் நான் ஒருத்திதான் என்பது அவருக்குத் தெரியும். ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் ஓடம் ஓட்டுகிற குடும்பம். கதாநாயகியின் தம்பி ஆற்றில் மூழ்கிச் சாகிறான். அவள் ஆற்றைச் சபிக்கிறாள், கரைக்கே வராமல் இருக்கிறாள், கல்யாணமாகி வேறு ஊர் போகிறாள். கடைசி அத்தியாயத்தில் திரும்பி வந்து அதே ஆற்றில் இடுப்பளவு நீரில் நின்று கை கூப்புகிறாள். விதியை ஏற்றுக்கொண்டு மனம் தெளிந்துவிட்டாள் என்று மிஸ் விளக்கினார். எங்களிடமிருந்த கைடிலும் அதுதான் இருந்தது.

இரண்டாவது தடவை படிக்கும்போது ஒரு வரி கண்ணில் பட்டது. நாவலின் தொடக்கத்தில் பெரிய வீட்டுக் கல்யாணம் ஒன்று வருகிறது. கல்யாணத்துக்கு முன்னால் அவர்கள் மாடி கட்டுகிறார்கள். அதற்குச் செங்கல் சுட, கோடை முழுக்க ஓடத்துறையிலிருந்து வண்டி வண்டியாக மண் போனது என்று ஆசிரியர் எழுதியிருந்தார். அவ்வளவுதான், ஒரே வரி. அடுத்த வரியிலேயே பந்தலும் பாயசமும் வந்துவிடும். நூறு பக்கம் தள்ளி அந்தப் பையன் அதே துறையில் மூழ்குகிறான். மண் எடுத்ததைப் பற்றி ஆசிரியர் மறுபடி பேசவே இல்லை. ஊரே விதி என்கிறது. கதாநாயகியும் விதி என்கிறாள். கைடும் விதி என்கிறது.

துக்கத்தில் வராத கோபம் எனக்கு அந்தப் புத்தகத்தைப் பார்த்து வந்தது. அன்றைக்கே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். இந்த நாவலில் ஆறு எதற்கும் குறியீடு இல்லை என்றுதான் தொடங்கினேன். ஆறு என்றால் ஆறுதான், அதில் தோண்டிய இடம் ஆழமாகும். ஆசிரியர் அதைச் சொல்லியிருக்கிறார், நாம்தான் பாயசத்தைப் பார்த்துக்கொண்டு அந்த வரியைத் தாண்டிவிட்டோம். குறியீடு தேடுகிறவர்களுக்கு விதி கிடைக்கிறது, மண் அள்ளியவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். இப்படி நாவலைப் பற்றி எழுதிவிட்டு, கடைசிப் பகுதியில் என் அண்ணனைப் பற்றி எழுதினேன். முழங்கால் தண்ணீர், அம்மாவின் கேள்வி, லாரிகள், எல்லாவற்றையும்.

மிஸ் மோசமானவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அண்ணன் இறந்தபோது வீட்டுக்கு வந்தவர் அவர். பள்ளிக்கு நான் திரும்பியதும் சில நாட்கள் தன் சாப்பாட்டை எனக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். கட்டுரையை ஸ்டாஃப் ரூமில் வைத்து என் முன்னாலேயே படித்தார். கடைசிப் பகுதிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதுதான் போகிறது, வேறு யாருடையதையும் நான் பார்க்கப்போவதில்லை என்றார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்தார்.

முதலில் லாரி போனது.

"இது கட்டுரைம்மா. புகார் மனு இல்ல."

யார் யாரோ மேடையில் உட்கார்ந்திருப்பார்கள், பள்ளிக்கூடத்தின் பெயர் இருக்கிறது, நமக்கு எதற்கு வம்பு என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். லாரி போனதும் நாவலில் வந்த மாட்டுவண்டியும் போனது. ஒரே வரியில் வருவதை வைத்து நாவல் முழுவதையும் மாற்றிச் சொல்ல முடியாது, ஆய்வாளர்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை என்றார். ஆறு எதற்கும் குறியீடு இல்லை என்ற என் தொடக்கத்தின் மேல் ஒரு கோடு விழுந்தது. தலைப்பே குறியீடு என்கிறபோது அப்படித் தொடங்கினால் முதல் சுற்றிலேயே தள்ளிவிடுவார்களாம். கடைசியில் அவரே ஒரு பத்தி எழுதிச் சேர்த்தார். ஆற்றுத்தாய் என் அண்ணனைத் தன் மடியில் எடுத்துக்கொண்டாள் என்று அதில் இருந்தது. நாவலின் கதாநாயகி கை கூப்பியதைப் போல நானும் ஒருநாள் கை கூப்புவேன் என்று முடிந்தது.

மிச்சம் இருந்தது அண்ணன் செத்தது மட்டும்தான்.

பிறகு என்னை வாசிக்கச் சொன்னார். முதல் பக்கத்திலேயே ஆழம் என்ற சொல் வந்தது. நான் ஆளம் என்றேன். மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடியும் ஆளம்தான் வந்தது. நாக்கை மடக்கிக் காட்டினார், தாடையைப் பிடித்துச் சொல்லித்தந்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த கணக்கு மிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு நோட்டுத் திருத்தினார். எங்கள் வீட்டில் எல்லோரும் ஆளம் என்றுதான் சொல்வோம். அண்ணன் விழுந்ததும் ஆளத்தில்தான்.

என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். கோயிலைச் சுற்றியுள்ள வீதியில் வீடு. சின்ன வயதிலிருந்தே பாசுரம் சொல்லிப் பழகியவள். மைக் முன்னால் நின்றால் கூட்டம் தானாக அடங்கும். அவள் வாசிக்கட்டும் என்று மிஸ் முடிவுசெய்தார். எழுதியவர் என்று என் பெயரையும் மேடையில் சொல்லச் சொல்கிறேன் என்றார். எனக்குச் சம்மதமா என்று அவர் கேட்கவில்லை. அந்தப் பெண் கேட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் வந்து, "உனக்கு ஒண்ணும் இல்லையே?" என்றாள். மிஸ் முடிவுசெய்துவிட்ட பிறகு அதற்கு என்ன பதில் இருக்கிறது? ஒண்ணும் இல்லை என்றேன்.

வீட்டில் கட்டுரை தேர்வாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். வாசிக்கப்போவது வேறொருத்தி என்றோ, என்னென்ன வெட்டப்பட்டது என்றோ சொல்ல வாய் வரவில்லை. அண்ணனைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்றதும் அம்மா நிமிர்ந்து பார்த்தார்கள். தானும் வருவதாகச் சொன்னார்கள். அன்றைக்கு மாவு கிடையாது என்று முந்தின நாளே வாடிக்கைக்காரர்களுக்குச் சொல்லிவிட்டு, அண்ணன் இறந்த பிறகு முதல் தடவையாகப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டார்கள். டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார்கள். காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது மட்டும் முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

நிகழ்ச்சி புத்தூர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில். அம்மா பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். எங்கள் பள்ளியின் பெயரை அறிவித்ததும் நான் எழுந்து போவேன் என்று என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மேடையில் அந்தப் பெண் ஏறினாள். எழுதியவர் என்று யாருடைய பெயரையும் யாரும் சொல்லவில்லை. அவள் தாளைப் பார்க்கக்கூட இல்லை, மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். நாவலைப் பற்றிய பகுதி முடிந்ததும் சற்று நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என் அண்ணன்" என்று ஆரம்பித்தாள்.

என் தோழியின் அண்ணன் என்று மாற்றியிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். மாற்றினால் உருக்கம் குறைந்துவிடும் என்று பிறகு மிஸ் சொன்னார். என் அண்ணன் கிரிக்கெட் ஆடினான், என் அண்ணன் குளிக்கப் போனான் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். அவளுக்கு உடன்பிறந்தவர்களே கிடையாது. ஆழம் என்ற சொல் வந்த இடத்தில் அவள் நாக்கு அவ்வளவு அழகாக வளைந்தது. முன்வரிசையில் பெண்கள் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

சிறப்பு விருந்தினராக வந்திருந்த பேராசிரியர் ஒருவர் எழுந்து போய் அவள் தலையில் கை வைத்தார். இவ்வளவு சின்ன வயதில் இவ்வளவு பெரிய துக்கத்தை இவ்வளவு நிதானமாக எடுத்துச் சொல்ல இலக்கியத்தால்தான் முடியும் என்றார். கை தட்டல் வெகுநேரம் கேட்டது. முதல் பரிசு எங்கள் பள்ளிக்கு. ஒரு கேடயம் கொடுத்தார்கள், மிஸ்ஸும் மேடையேறிப் படம் எடுத்துக்கொண்டார்.

எல்லோரும் காபி குடிக்கக் கலைந்தபோது அம்மா எழுந்து நேராக அந்தப் பெண்ணிடம் போனார்கள். நான் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் அவளுக்கு எதிரே நின்றுவிட்டார்கள். அவளைச் சுற்றி நாலைந்து பேர் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"உங்க அண்ணன் எந்தப் பக்கம்மா இறங்குனாரு?" என்று அம்மா கேட்டார்கள்.

கேலியாகக் கேட்கவில்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. ஒரு நிமிஷம் அம்மா நிஜமாகவே நம்பியிருக்கிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அதே ஆற்றில் அதே மாதிரி இன்னொரு பையனும் போயிருக்கிறான், அவன் வீட்டாருக்காவது இடம் தெரிந்திருக்கும் என்று.

அந்தப் பெண் வெலவெலத்துப்போனாள். மிஸ்ஸைத் தேடினாள். "எனக்கு அண்ணா கிடையாது ஆன்ட்டி," என்றாள்.

பக்கத்தில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மிஸ் வேகமாக வந்து அம்மாவின் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார். இது உங்கள் மகனுக்குச் செய்த அஞ்சலி, இலக்கியத்தில் இப்படித்தான் செய்வார்கள், ஆறு அவனை மடியில் வாங்கிக்கொண்டது என்பதையெல்லாம் குறியீடாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விளக்கினார். குரலில் அன்பு இருந்தது. எனக்கு எல்லாவற்றையும்விட அந்த அன்புதான் கசந்தது.

அம்மா கேட்டுக்கொண்டார்கள். பிறகு, "மடியில எடுத்துக்கலைங்க டீச்சர். பள்ளத்துல விழுந்தான்," என்றார்கள். கையை விடுவித்துக்கொண்டு வெளியே நடந்தார்கள்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, லாரியைப் பற்றி எழுதவில்லையா என்று என்னிடம் கேட்டார்கள். எழுதினேன், எடுத்துவிட்டார்கள் என்றேன். முதலில் எழுதினது வீட்டில் இருக்கிறதா என்றார்கள். இருந்தது. வீட்டுக்கு வந்ததும் புடவையைக்கூட மாற்றாமல் என்னை எதிரே உட்காரவைத்து, சிவப்புக் கோடு விழாத அந்த முதல் தாளை வாசிக்கச் சொன்னார்கள். நான் ஆளம் ஆளம் என்றே வாசித்து முடித்தேன். இடையில் அப்பா வேலையிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றாமல் வாசல் நிலையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அம்மா அவரைப் பார்த்து, "புள்ள சரியா எழுதியிருக்குங்க," என்றார்கள்.

அப்பா கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். தெருமுனை வீட்டுக்காரர் காதுக்கு இது போனால் நாம் இங்கே குடியிருக்க முடியாது, இன்னொரு பிள்ளை இருக்கிறது என்று என்னைக் காட்டிச் சொன்னார். திட்டவில்லை. தாளை என் கையிலிருந்து வாங்கி நாலாகக் கிழித்து, அடுப்பங்கரைக்குப் போய்ப் பற்றவைத்தார். அம்மா தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய் மறுநாளைக்கு அரிசி ஊறப்போட்டார்கள். எந்தப் பக்கம் இறங்கினான் என்று அதன் பிறகு அவர்கள் யாரிடமும் கேட்டு நான் பார்க்கவில்லை.

மிஸ் அதைச் சிவப்புப் பேனாவால் செய்தார், அப்பா தீக்குச்சியால். பல வருஷம் மிஸ்ஸை மட்டும்தான் வெறுத்தேன். அப்பாவுக்குப் பயம், மிஸ்ஸுக்கும் பயம்தான் என்று இப்போது புரிகிறது. புரிந்ததால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கல்லூரியில் முதல் வருஷத் தமிழ்த் தாளுக்கு அதே நாவலைப் பாடமாக வைத்திருந்தார்கள். தேர்வில் ஆற்றின் குறியீட்டுப் பொருளை விளக்குக என்று கேள்வி வந்தது. ஆறு – விதி என்று தொடங்கி, கரும்பலகையில் இருந்ததையெல்லாம் வரிசையாக எழுதிவைத்துவிட்டு வந்தேன். அந்தத் தாளில் வகுப்பிலேயே நான்தான் முதல். பேராசிரியை என் விடையை வகுப்பில் வாசித்துக் காட்டினார்.

இப்போது ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் லேபில் வேலை பார்க்கிறேன். போன வருஷம், என் கட்டுரையை மேடையில் வாசித்த அந்தப் பெண் அங்கே வந்தாள். இப்போது பெங்களூரில் இருக்கிறாளாம், அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று வந்திருந்தாள். முகக்கவசத்துக்கு மேலே கண்ணை வைத்தே என்னை அடையாளம் கண்டுகொண்டு கையைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷம் உண்மையானதுதான். கூட வந்த கணவரிடம், "ஸ்கூல்ல நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கட்டுரை பண்ணினோம், ஃபர்ஸ்ட் பிரைஸ். ஹாலே அழுதது," என்றாள். ஆற்றைப் பற்றியது, அதில் ஆறுதான் குறியீடு என்று அவருக்கு விளக்கவும் செய்தாள். கடைசி வரி இன்னும் ஞாபகம் இருக்கிறது என்று சொல்லிக் காட்டினாள். மிஸ் எழுதிய வரி.

நான் அவள் அப்பாவின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தேடிக்கொண்டிருந்தேன். வயதானவர், நரம்பு பிடிபடவில்லை.

அவள் என் குடும்பத்தைப் பற்றி விசாரித்தாள். "அம்மா, அப்பா, அண்ணா எல்லாரும் சௌக்கியமா?"

பேச்சுவாக்கில் கேட்டது அது. எல்லோரிடமும் எல்லோரும் கேட்பது போல. அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. தான் என்ன கேட்டோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மண்டபம் முழுவதையும் அழவைத்தவளுக்கு அந்த அண்ணன் ஒருபோதும் செத்திருக்கவில்லை, ஏனென்றால் அவளைப் பொறுத்தவரை அவன் இருந்ததே இல்லை.

சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் அதிர்ந்துபோவாள், மன்னிப்புக் கேட்பாள், அழக்கூடச் செய்வாள். என் அண்ணனுக்காக மற்றவர்கள் அழுவதை இரண்டாவது தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"எல்லாரும் நல்லா இருக்காங்க," என்றேன். நரம்பு கிடைத்துவிட்டது. கையை இறுக்கி மூடிக்கொள்ளுங்கள் ஐயா என்று பெரியவரிடம் சொல்லிவிட்டு ஊசியை ஏற்றினேன்.